மடை திறந்த முதல் தொகுப்பு

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலையில் நாம் முதலில் அடையும் பட்டணம் ரிங்லெட். அதைக் கடந்து மேலே சென்றால் சாலையோரத்தில் ஓர் ஏரி தெரியும். அது இயற்கையாக அமைந்த ஏரி அன்று. பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபு பாக்கார் அணையைக் கட்டித் தேக்கிய நீர் அது. 1960களில் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை, மலைச்சரிவுகளில் பெய்யும் மழையைத் துளித்துளியாகச் சேர்த்து வைக்கிறது. சேர்ந்த நீர், மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியாகக் கீழே இறங்கி மின்சாரம் தருகிறது. ஏரியைப் பார்ப்பவருக்கு அது அசையாமல் கிடப்பதுபோல் தோன்றும். ஆனால், பல ஊர்களுக்கு ஒளி தரும் ஆற்றல் அந்த அமைதிக்குள் இருக்கிறது.

ஏரிக்கரையில் நீர் வெளியேறுவதற்கு அமைக்கும் வழியைத் தமிழர் 'மடை' என்றனர். ஏரி நிறைந்ததும் உழவர்கள் மடையைத் திறப்பார்கள். பல மாதங்களாகச் சேர்ந்த நீர் வாய்க்காலில் விரைந்து பாயும். தடையின்றிப் பேசுபவரை 'மடை திறந்த வெள்ளம் போலப் பேசினார்' என்று நாம் கூறுவது இதனால்தான். இந்த உவமைத்தொடரைச் சொல்லும்போது நாம் பாயும் வெள்ளத்தை மட்டுமே நினைக்கிறோம். மடைக்குப் பின்னால் நீர் சேர்ந்த காலத்தை எவரும் நினைப்பதில்லை.

ஒரு பாடகரின் முதல் இசைத்தொகுப்பும் மடை திறப்பது போன்றதே. கேட்பவருக்கு அது தொடக்கமாகத் தெரியும். பாடியவருக்கோ அது பல்லாண்டுச் சேமிப்பு வெளிப்படும் நேரம். மலேசியத் தமிழ் இளைஞர் மூவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வல்லவன்' என்னும் தொகுப்பைக் கொண்டு இவ்வுண்மையை நாம் அறிந்துகொள்ளலாம்.

இசைத்தொகுப்பு என்றால் என்ன?

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாடல்கள் நிமிடத்திற்கு 78 முறை சுழலும் இசைத்தட்டுகளில் பதிவாயின. அத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிடம் மட்டுமே பதிவு செய்ய முடியும். இன்றும் பல பாடல்கள் ஏறத்தாழ அந்த நேர அளவிலேயே அமைவதற்கு இப்பழைய தட்டும் ஒரு காரணம். நீண்ட இசைப் படைப்பைக் கேட்க விரும்பியவர்கள் பல தட்டுகளை வாங்க வேண்டியிருந்தது. அத்தட்டுகளை உறைகளில் இட்டு, நிழற்படங்களை ஒட்டி வைக்கும் ஏடுபோலக் கட்டி விற்றனர். அந்த ஏட்டின் பெயராகிய 'ஆல்பம்' என்பதே பின்னர் இசைத்தொகுப்பின் பெயராக நிலைத்துவிட்டது.

1948ஆம் ஆண்டில் நெடுநேர இசைத்தட்டு விற்பனைக்கு வந்தது. அதன் ஒவ்வொரு பக்கத்திலும் இருபது நிமிடங்களுக்கு மேல் பதிவு செய்ய முடிந்தது. 1963இல் ஒலிநாடாப் பேழையும் 1982இல் குறுவட்டும் வந்தன. இன்று நம்மில் பலர் கைப்பேசியிலேயே பாடல்களைக் கேட்கிறோம். கருவிகள் மாறினாலும் ஒன்று மாறவில்லை. பத்துப் பன்னிரண்டு பாடல்களை ஒரே படைப்பாக வரிசைப்படுத்தி, ஒரு பெயர் சூட்டி வெளியிடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

இசைத்தொகுப்புகள் பல வகைப்படும். மேடை நிகழ்ச்சியில் பாடியதை அப்படியே பதிவு செய்து வெளியிடுவது ஒரு வகை. முன்னரே புகழ்பெற்ற பாடல்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பது இன்னொரு வகை. ஒலிப்பதிவுக்கூடத்தில் புதிதாக உருவாக்குவது மூன்றாம் வகை. ஒரு கலைஞர் இம்மூன்றாம் வகையில் முதன்முதலாக வெளியிடும் தொகுப்புக்குத் தனி மதிப்பு உண்டு. 'நான் யார், என் குரல் எத்தகையது' என்பதை அவர் உலகிற்கு முதன்முதலாகச் சொல்லும் இடம் அது.

ஒரே நாளில் பதிவான பத்துப் பாடல்கள்

பாப், ராக் ஆகிய இசை வகைகளை உலகெங்கும் பரப்பியவர்களுள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த பீட்டில்ஸ் குழுவினர் முக்கியமானவர்கள். எளிதில் மனத்தில் பதியும் மெட்டு பாப் இசையின் இயல்பு. மின்கிட்டாரும் முரசும் கூடி எழுப்பும் அழுத்தமான தாளம் ராக் இசையின் இயல்பு. இரண்டையும் கலந்து பாடிய அந்நால்வரின் முதல் தொகுப்பு 1963ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளிவந்தது.

அத்தொகுப்பில் 14 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 10 பாடல்கள் 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், ஒரே நாளில் பதிவு செய்யப்பட்டவை. காலையில் தொடங்கிய பணி இரவில்தான் முடிந்தது. பாடகர் ஜான் லெனனுக்கு அன்று சளி பிடித்திருந்தது. தொண்டையை மிகவும் வருத்தும் பாடலைக் கடைசியாக வைத்துக்கொண்டனர். அதைப் பாடும்போது அவர் குரல் கரகரத்தது. அந்தக் கரகரப்பே அப்பாடலுக்கு அழகாயிற்று.

ஒரே நாளில் பத்துப் பாடல்கள் என்றால் நமக்கு வியப்பாக இருக்கும். ஆனால், அவர்கள் அதற்கு முன்பே லிவர்பூலிலும் செர்மனியின் ஹம்பர்க் நகரிலும் பல நூறு இரவுகள் மேடையேறியவர்கள். பிறர் கண்ணில் படாத அந்த இரவுகளில்தான் ஏரி நிறைந்தது. அந்த ஒரு நாளில் மடை மட்டுமே திறந்தது.

மலேசியாவில் திறந்த மடைகள்

நம் நாட்டிலும் இவ்வாறான கதைகள் உண்டு. பினாங்கைச் சேர்ந்த தமிழ்ச் சகோதரர்களான டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் 'அலிகேட்ஸ்' என்னும் இசைக்குழுவில் பாடினார்கள். தொடக்கத்தில் ஆங்கிலப் பாடல்களை மேடைகளில் பாடி வந்த அவர்கள், 1970களின் இறுதியில் மலாய் மொழியில் தங்கள் தொகுப்புகளை வெளியிடத் தொடங்கினர். எம். நாசிர் போன்ற இசையமைப்பாளர்கள் அவர்களுக்கு மெட்டமைத்துத் தந்தனர். 'செகுந்தும் மாவார் மேரா செபுவா புயிசி' போன்ற பாடல்கள் இன வேறுபாடின்றி நாடு முழுவதும் பாடப்பட்டன. லோகநாதன் 2007ஆம் ஆண்டில் மறைந்தபோது எல்லா இனத்தவரும் வருந்தினர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த குரல், தேசிய மொழியில் பாடி நாட்டின் குரலாக உயர்ந்தது.

அடுத்த தலைமுறை வேறொரு வழியைத் தேடியது. 1998ஆம் ஆண்டில் 'பொயட்டிக் அம்மோ' என்னும் நால்வர் குழு தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. அக்குழு பாடியது ராப் இசை. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1970களில் தோன்றிய அவ்விசையைத் தமிழில் 'சொல்லிசை' என்கிறோம். அத்தொகுப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ், கந்தோனீசு ஆகிய நான்கு மொழிகளும் ஒலித்தன. காலையில் ஒட்டுக்கடையில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று வாழும் மலேசியருக்கு அக்கலவை அயலாகத் தோன்றவில்லை.

அந்நால்வருள் ஒருவர் யோகி பி. நான்கு மொழிகளுள் ஒன்றாகத் தமிழ் இடம்பெற்றதோடு அவர் நிறைவடையவில்லை. தமிழையே முதன்மையாகக் கொண்டு ஒரு முழுத் தொகுப்பு உருவாக்க வேண்டும் என்று எண்ணினார். டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவரும் அவருடன் இணைந்தனர். குழுவிற்கு 'நட்சத்திரா' என்று பெயர். அவர்களின் முதல் தொகுப்பாகிய 'வல்லவன்' 2006இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அதே பெயரில் தமிழ்நாட்டில் ஒரு திரைப்படமும் வந்தது. பெயர் ஒன்றாயினும் இரண்டிற்கும் தொடர்பில்லை.

திரைப்படத்தின் துணையின்றி

'வல்லவன்' தொகுப்பின் அருமையை உணர வேண்டுமானால், தமிழ்ப் பாடல் உலகின் ஓர் இயல்பை நாம் அறிய வேண்டும். தமிழில் 'புதுப்பாட்டு' என்றாலே பெரும்பாலும் திரைப்பாட்டுதான். கதையும் நடிகரும் காட்சியும் அப்பாட்டைத் தாங்கி நிற்கும். படம் ஓடினால் பாட்டும் ஓடும். தனித்து வெளிவரும் தொகுப்புக்கு அத்தகைய துணை எதுவும் இல்லை. அது தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும்.

மலேசியத் தமிழருக்கு இதில் இன்னோர் இடர்ப்பாடும் இருந்தது. தோட்டத்து வீடுகளிலும் பேருந்துகளிலும் திருமண மண்டபங்களிலும் ஒலித்தவை பெரும்பாலும் சென்னையில் உருவான பாடல்கள். அவை இனிமையானவை, நம் வாழ்வோடு கலந்தவை. ஆனால், அவற்றில் நம் ஊர் இல்லை. இந்நாட்டுத் தமிழ் இளைஞர் பேசும் பேச்சும் அவர்களின் ஏக்கமும் அவற்றில் இல்லை. உள்ளூர்க் கலைஞர்கள் பாடினால், 'திரைப்பாட்டைப் போல இருக்கிறதா?' என்றே பலர் கேட்டனர். 'நம்மைப் போல இருக்கிறதா?' என்று கேட்டவர் சிலரே.

இந்நிலையில் நட்சத்திரா குழுவினர் ஒரு துணிவான செயலைச் செய்தனர். அவர்கள் பழைய திரைப்பாடல் ஒன்றையே கையில் எடுத்தனர். 1980ஆம் ஆண்டில் பாரதிராஜா இயக்கத்தில் வெளிவந்த 'நிழல்கள்' படத்தில், இசையமைப்பாளராக வேண்டும் என்று ஏங்கும் ஓர் இளைஞன் வருவான். தன் கனவு நிறைவேறுவதாக எண்ணி அவன் பாடுவதுபோல் 'மடை திறந்து' என்னும் பாடல் அமைந்திருக்கும். அதற்கு இளையராஜா இசையமைத்தார், வாலி எழுதினார், எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடினார். அப்பாடலின் பல்லவியை மையமாக வைத்து, அதனைச் சுற்றித் தங்கள் சொந்தச் சொல்லிசையை நட்சத்திரா குழுவினர் அமைத்தனர்.

பழம்பாடலைக் கேட்டு வளர்ந்த பெற்றோருக்கு அது தெரிந்த குரலாக ஒலித்தது. சொல்லிசையை விரும்பிய பிள்ளைகளுக்கு அது புதிய குரலாக ஒலித்தது. ஒரே பாட்டை இரண்டு தலைமுறையினர் சேர்ந்து கேட்டனர். கடலைக் கடந்து தமிழ்நாட்டிலும் அப்பாடல் பரவியது. அதன் பின்னர் 2007இல் 'பொல்லாதவன்', 2011இல் 'ஆடுகளம்', 2017இல் 'விவேகம்' ஆகிய தமிழ்த் திரைப்படங்களில் யோகி பியின் குரல் ஒலித்தது. அதுவரை பெரும்பாலும் சென்னையிலிருந்து கோலாலம்பூருக்குப் பாய்ந்த பாட்டு வெள்ளம், அன்று எதிர்த்திசையிலும் ஒரு வாய்க்காலைக் கண்டது.

சொல்லிசையும் செய்யுளும்

சொல்லிசை தமிழுக்கு முற்றிலும் புதியது என்று சிலர் எண்ணலாம். அதன் தாளம் அயல்நாட்டிலிருந்து வந்தது என்பது உண்மை. ஆனால், அதன் சொல்லழகை நாம் செய்யுள் பாடத்திலேயே கற்றிருக்கிறோம்.

தேயிலைத் தோட்டத்துச் சொற்கள் சிலவற்றை எடுத்துக்கொள்வோம். 'மலை, மழை, மண்' என்பவற்றில் முதலெழுத்து ஒன்றி வருகிறது, இது மோனை. 'கொழுந்து, எழுந்து, விழுந்து' என்பவற்றில் இரண்டாம் எழுத்து ஒன்றி வருகிறது, இது எதுகை. ஓர் அடி 'கூடை' என்று முடிந்து அடுத்த அடி 'ஓடை' என்று முடிந்தால், இறுதி எழுத்து ஒன்றுகிறது, இது இயைபு. சொல்லிசைக் கலைஞர் தாளத்தின் ஒவ்வொரு தட்டிலும் இவ்வாறான ஒலி ஒற்றுமைகளை அடுக்குகிறார். புலவர்கள் செய்யுளில் செய்த வேலையையே அவர் ஒலிவாங்கியின் முன் நின்று செய்கிறார்.

எனவே, தமிழில் நன்கு சொல்லிசைக்க விரும்புபவருக்குச் சொல்வளம் வேண்டும். ஒரே பொருளுக்குப் பல சொற்கள் தெரிந்திருந்தால்தான் தாளத்திற்கேற்ற சொல் நாவில் வந்து நிற்கும். அச்சொற்களைச் சேர்க்கும் காலமும் ஏரி நிறையும் காலமே.

மடையின் வேலை

நீர் நிறைந்திருந்தால் மட்டும் போதாது. கரையை உடைத்துக்கொண்டு பாயும் நீர் பயிரை அழிக்கும். மடை வழியாக அளவாகப் பாயும் நீரே பயிரை வளர்க்கும். முதல் தொகுப்பை உருவாக்கும் கலைஞருக்கு ஒலிப்பதிவுக்கூடமே மடை.

முதலில் அவர் தம்மிடமுள்ள பாடல்களை எளிய முறையில் மாதிரியாகப் பதிவு செய்கிறார். அவற்றுள் எவை தொகுப்பில் இடம்பெற வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறார். நெடுநாள் போற்றிய பாடலையும் சில வேளைகளில் விட்டுவிட நேரும். பழைய பாட்டின் ஒரு பகுதியைப் பயன்படுத்த விரும்பினால், அதன் உரிமையாளரிடம் இசைவு பெற வேண்டும். பிறகு தாளம், கிட்டார், விசைப்பலகை, குரல் ஆகியவற்றைத் தனித்தனியே பதிவு செய்கிறார்கள். ஒரே வரியைப் பத்து முறை பாடி, அவற்றுள் சிறந்ததை எடுத்துக்கொள்வதும் உண்டு.

அடுத்தது ஒலிக்கலவை. எந்த ஒலி முன்னே நிற்க வேண்டும், எது பின்னே ஒதுங்க வேண்டும் என்பதை ஒலிப்பொறியாளர் முடிவு செய்கிறார். தாளம் மிகுந்தால் சொல் மறையும். சொல் மட்டும் மிகுந்தால் பாட்டு பேச்சாகிவிடும். கடைசியாக எல்லாப் பாடல்களின் ஒலி அளவையும் சமன்செய்து, அவற்றை வரிசைப்படுத்துகிறார்கள். எந்தப் பாட்டு முதலில் வர வேண்டும் என்பதே பெரிய விவாதமாக இருக்கும். கதவைத் தட்டும் முதல் ஓசை அது அல்லவா?

மடையைத் திறந்த பிறகு இன்னொரு சோதனையும் காத்திருக்கிறது. முதல் தொகுப்பிற்கு ஒரு கலைஞர் தம் இளமைக்காலம் முழுவதும் சேர்த்த அனுபவத்தைப் பயன்படுத்துகிறார். இரண்டாம் தொகுப்பையோ ஓரிரு ஆண்டுகளில் கேட்பார்கள். அதற்குள் ஏரி மீண்டும் நிறைய வேண்டும். கேட்பதையும் கற்பதையும் நிறுத்தாத கலைஞருக்கே அது நிறையும்.

நம் ஏரியில் சேரும் நீர்

மீண்டும் ரிங்லெட்டுக்கு வருவோம். 1929ஆம் ஆண்டில் 'போ' தேயிலைத் தோட்டம் இம்மலைப் பகுதியில் தொடங்கப்பட்டது. காட்டை அழித்துச் செடி நட்டவர்களிலும் கொழுந்து பறித்தவர்களிலும் தமிழர் பலர் இருந்தனர். குளிரில் விடியுமுன் எழுந்ததும், முதுகில் கூடை சுமந்து சரிவில் ஏறியதும், மாலையில் ஒன்றுகூடி ஊர்க்கதை பேசியதும் அவர்களின் வாழ்க்கை. அவ்வாழ்வில் சிரிப்பும் இருந்தது, துயரமும் இருந்தது. அவற்றுள் பல எந்த இசைத்தட்டிலும் ஏறவில்லை. அவை இன்றும் தாத்தா பாட்டியின் நினைவில் தேங்கி நிற்கின்றன.

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு மாலைப்பொழுதில் அமர்ந்து கேளுங்கள். அவர்கள் வேலை செய்யும்போது என்ன பாடினார்கள், எந்தச் சொல்லால் பனியை அழைத்தார்கள், எந்தக் கதையைச் சொல்லிக் குழந்தையைத் தூங்க வைத்தார்கள் என்று கேட்டு ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். அந்த ஏடு உடனே பாட்டாகாது. ஆனாலும் கவலை வேண்டா.

'வல்லவன்' வெளிவந்த நாளில் அதைக் கேட்டவர்களுக்கு அது திடீரென வந்த வெள்ளமாகத் தோன்றியிருக்கலாம். யோகி பியின் முதல் குழுத் தொகுப்புக்கும் அதற்கும் இடையில் எட்டு ஆண்டுகள் இருந்தன. அதற்கு முன்னே ஒரு சமூகத்தின் பல தலைமுறைகள் இருந்தன. நாளை இந்த மலையிலிருந்து ஒரு முதல் தொகுப்பு வெளிவந்தால், அதன் முதல் துளி இன்று உங்கள் ஏட்டில் விழுந்ததாக இருக்கட்டும்.